'டுக், டுக்' என்று கூவுவது யார்? குக்குறுவான் கேள்வி பதில்

கேள்வி: மரத்திலிருந்து நாள் முழுக்க 'டுக், டுக்' என்று சத்தம் வருகிறது. பறவை மட்டும் கண்ணில் படவே இல்லை.

பதில்: அது செம்மார்புக் குக்குறுவான். செம்புப் பாத்திரத்தைச் சுத்தியலால் தட்டுவது போல, நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் விடாமல் கூவும். கூவும்போது தலையை அங்குமிங்கும் திருப்புவதால் எந்தத் திசை என்று காதுக்குப் பிடிபடாது. உடம்போ இலைப்பச்சை. இலைகளுக்குள் தேடாமல், காலை இளவெயிலில் மர உச்சியின் மொட்டைக் கிளைகளைப் பாருங்கள். வெயில் காய அங்கே வந்து உட்காரும்.

கேள்வி: பார்த்துவிட்டேன்! ஆனால் அலகைத் திறக்கவே இல்லையே?

பதில்: திறக்காது, மூடிக்கொண்டேதான் கூவும். தொண்டையைக் கவனியுங்கள். ஒவ்வொரு 'டுக்'குக்கும் உப்பி அடங்கும், கூடவே தலையும் ஆடும். இருநோக்கியில் (பைனாகுலரில்) முதன்முதலாக அதைப் பார்த்த அன்று நான் மூச்சு விடவே மறந்து நின்றேன். நெற்றியில் குங்குமம் அப்பியது போலச் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள், மார்பில் இன்னொரு சிவப்புத் தீற்று, தடித்த அலகைச் சுற்றி மீசை போல முடிகள். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய உடம்பில் இவ்வளவு அலங்காரம்!

கேள்வி: நெற்றியில் சிவப்பு இல்லாத ஒன்றும் வருகிறது. பெட்டையா?

பதில்: இல்லை, இளம் பறவை. ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரிதான்.

கேள்வி: எந்த இருநோக்கி வாங்கலாம்?

பதில்: 8x42 போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், வெளிச்சமும் நன்றாகக் கிடைக்கும். அப்புறம், பழுத்த ஆலமரமோ அரசமரமோ அத்திமரமோ கிடைத்தால் அதன் கீழேயே ஒரு மணி நேரம் உட்காருங்கள். நடந்து தேடுவதைவிட அதில்தான் எனக்கு அதிகப் பறவைகள் கிடைத்திருக்கின்றன.

கேள்வி: பட்டுப்போன கிளையில் பொந்து குடைகிறது. கிட்டப் போய்ப் படம் எடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கூட்டருகே ஆள் நின்றால் பெற்றோர் உள்ளே போகத் தயங்கும், குஞ்சுகள் பசியோடு கிடக்கும். பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் கூடாது. யார் தலையிலும் விழும் ஆபத்து இல்லையென்றால் அந்தக் கிளையை வெட்டாமல் விடுங்கள். குஞ்சு பொரிக்க மட்டுமல்ல, இரவில் தூங்கவும் அதற்குப் பொந்துதான். தள்ளி நின்றே பாருங்கள்: உள்ளே போய், வாய் நிறைய மரத்தூளோடு தலையை நீட்டி, உதறிக் கொட்டிவிட்டு மறுபடி உள்ளே போகும்.