பார்ட் எழுதும் வேலையை விடாதே, தம்பி

ஊரில் பத்து வருஷம் மெல்லிசைக் குழு நடத்தியவன், லாஸ் ஏஞ்சல்ஸ் வந்த எட்டு மாதமாக யாரோ போட்ட ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியத்துக்கும் சேர்த்து எழுதிய இசைத்தாளை, பார்த்து வயலினுக்கு, செல்லோவுக்கு என்று தனித்தனியாக பார்ட் எழுதிக் கொடுக்கிறேன், சினிமாவுக்குள் போக இது வழியா, நேரம் வீணா என்று கேட்டிருக்கிறாய்.

ஹாலிவுட் இசையமைப்பாளர் மாக்ஸ் ஸ்டைனரும் அமெரிக்காவில் இந்த வேலையில்தான் ஆரம்பித்தார், தம்பி. வியன்னாக்காரர். தாத்தா அங்கே பெரிய நாடக அரங்கையே நடத்தியவர். பேரன் லண்டனில் கண்டக்டராக இருந்தபோது 1914-இல் போர் மூண்டது. ஆஸ்திரியக் குடிமகன் என்பதால் எதிரி நாட்டான் ஆகிப்போனார். ஒரு பிரபுவின் தயவில் வெளியேற பேப்பர் கிடைத்து, அந்த வருஷக் கடைசியில் நியூயார்க்கில் இறங்கியபோது கையில் 32 டாலர். கிடைத்த வேலை? உன் வேலைதான். ஒரு இசைப் பதிப்பகத்தில் படி எடுப்பது.

பிறகு பதினைந்து வருஷம் பிராட்வே. அடுத்தவர் மெட்டுக்கு அரேஞ்ச்மென்ட், மேடைக்குக் கீழே நின்று கண்டக்டிங். 1929-இல் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ ஹாலிவுட்டுக்கு அழைத்தபோது வயது 41. சிபாரிசு செய்தவர் ஹாரி டியர்னி. அவர் இசைக்குத்தான் ஸ்டைனர் அரேஞ்ச்மென்ட் செய்திருந்தார்.

அவர் இசையமைத்து 1933-இல் வந்த 'கிங் காங்'கை இந்த வாரம் போட்டுப் பார். பழைய படங்களின் இசையையே ஒட்டிவிடு என்றது ஸ்டுடியோ. படத்தை எடுத்த கூப்பர்தான் செலவை நான் ஏற்கிறேன், புதிதாகப் போடு என்றார். டைட்டில் முடிந்ததும் வெகுநேரம் இசையே வராது. கப்பல் பனிமூட்டத்துக்குள் நுழைந்து தீவை நெருங்கும்போதுதான் மெல்லத் தொடங்கும். தீவுத் தலைவன் படியில் இறங்கி வர, ஒவ்வொரு அடிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவும் கூடவே இறங்கும். நடிகனின் காலைப் பார்த்தே கோலை அசைத்துப் பழகிய பிராட்வே கை அது என்பேன். இசையைப் படத்தோடு பொருத்த நீ ஹெட்போனில் கேட்கும் தாள 'கிளிக்'கையும் தொடக்க காலத்திலேயே பயன்படுத்தியவர். விநாடிக்கு 24 ஃபிரேம். 12 ஃபிரேமுக்கு ஒரு கிளிக் என்றால் நிமிஷத்துக்கு 120.

என் கதை இவ்வளவு கம்பீரம் இல்லை. முதல் ரெக்கார்டிங்குக்கு நான் எழுதிய செல்லோ பார்ட்டில், நீளமான ஒரு ஃபிரேஸ் நடுவில் பக்கம் முடிந்துவிட்டது. ஒரு கை வில்லில், ஒரு கை தந்தியில், மனிதர் எதனால் புரட்டுவார்? நாற்பது பேர் நிற்க, மீட்டர் ஓடியது. அன்றிலிருந்து, வாத்தியம் சும்மா இருக்கும் இடம் பார்த்துத்தான் பக்கத்தை முடிப்பேன். அப்படித் தேடியே ஒரு ஸ்கோரில் யார் எப்போது மூச்சு விடுகிறார் என்பது பிடிபட்டது. உன் சொந்த அரேஞ்ச்மென்ட்டுக்கு அதுதான் வேண்டும்.

விசா எந்தெந்த வேலைக்கு இடம் கொடுக்கிறது என்று வக்கீலிடம் முதலில் கேள். சரி என்றால் இங்கத்திய இசைக்கலைஞர் சங்கமான லோக்கல் 47-இல் விசாரி. பார்ட் எழுதுவோரும் அதில் உண்டு. ரெக்கார்டிங் நாளில் பார்ட்டை மெயிலில் தள்ளிவிட்டு வீட்டில் இருந்துவிடாதே. நேரில் போய், பென்சிலோடு ஓரமாக உட்கார்.