ஜிசனில் லிஸ்ட்<டி> கேட்டால் ஏன் லிங்க்டுட்ரீமேப் வருகிறது?

ஜிசன் என்பது ஜாவாவில் ஜேசன் தரவைப் படித்து ஆப்ஜெக்ட்டாக்கும் லைப்ரரி. எந்த டைப்புக்கும் (டி) பொதுவான உங்கள் மெத்தட், `நியூ டைப்டோக்கன்<லிஸ்ட்<டி>>() {}` கொடுத்து ஜேசனைப் படிக்கிறது. ஜிசன் 2.11-க்கு முந்தைய பதிப்புகளில் படிக்கும்போது சத்தமே இல்லை (2.11 முதல் டைப்டோக்கனை உண்டாக்கும்போதே எக்செப்ஷன் வரும்). பிறகு பட்டியலிலிருந்து ஓர் ஆர்டரை எடுக்கும் வரியில் கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன்: கேட்டது ஆர்டர், வந்தது லிங்க்டுட்ரீமேப் என்ற பெயர்-மதிப்பு மேப். அந்த வரியில் கோளாறு இல்லை, அங்கே தேட வேண்டாம்.

2004-இல் ஜாவா 5-இல் ஜெனரிக்ஸ் (லிஸ்ட்<டி> போல டைப்பை அடைப்பில் தருவது) வந்தபோது பழைய கோடும் அப்படியே ஓட வேண்டியிருந்தது. அதனால் கம்பைலர் டைப்பைச் சரிபார்த்துவிட்டு அழித்துவிடுகிறது. ரன்டைமில் லிஸ்ட்<ஸ்ட்ரிங்>, லிஸ்ட்<இன்டிஜர்> இரண்டும் ஒரே கிளாஸ்தான். டி என்னவென்று தெரியாத ஜிசன் அதை ஆப்ஜெக்ட்டாக எடுத்துக்கொண்டு, `{` கண்டால் லிங்க்டுட்ரீமேப், எண்ணைக் கண்டால் டபுள் என்று தருகிறது. (இன்டிஜர் கேட்டவருக்கு 5 என்பது 5.0 ஆவதும் இதனால்தான்.) கம்பைலர் செருகிய காஸ்ட் (டைப் மாற்றம்), நீங்கள் எடுக்கும் இடத்தில் இருப்பதால் அங்கே வெடிக்கிறது.

அழிவது ஆப்ஜெக்ட்டில்தான், டிக்ளரேஷனில் எழுதியது அழியாது. ஃபீல்டு, மெத்தட், சூப்பர்கிளாஸ் ஆகியவற்றின் முழு டைப்பும் கிளாஸ் ஃபைலில் சிக்னேச்சர் என்ற பகுதியில் இருக்கும். டைப்டோக்கனின் கடைசியில் வரும் `{}` வெறும் அலங்காரம் இல்லை: அது பெயரில்லாத ஒரு சப்கிளாஸை உண்டாக்குகிறது, அதன் கெட்ஜெனரிக்சூப்பர்கிளாஸைக் கேட்டுத்தான் டைப் தெரிகிறது. நீங்கள் எழுதியது டி, ஆகவே பதிவானதும் வெறும் டி.

மெத்தடுக்கு `கிளாஸ்<டி> வகை` என்று ஓர் ஆர்கியுமென்ட் சேருங்கள். உள்ளே:

`டைப்டோக்கன்.கெட்பாராமீட்டரைஸ்டு(லிஸ்ட்.கிளாஸ், வகை).கெட்டைப்()`

ஒவ்வோர் உறுப்பும் மேப்<ஸ்ட்ரிங், லிஸ்ட்<ஆர்டர்>> போல அடுக்காக இருந்தால் கிளாஸ் போதாது. அழைப்பவரே முழு டைப்டோக்கனைக் கட்டி அனுப்பட்டும். அங்கே உண்மையான டைப் எழுதப்பட்டிருக்கும். ஜாக்சன் என்ற இன்னொரு ஜேசன் லைப்ரரியிலும் இதே கதைதான், அங்கே லிங்க்டுஹேஷ்மேப் வரும். டைப்ஃபேக்டரியின் கன்ஸ்ட்ரக்ட்கலெக்ஷன்டைப்பைப் பயன்படுத்துங்கள். `@சப்ரெஸ்வார்னிங்ஸ்` போட்டு எச்சரிக்கையை மூடுவது மட்டும் வேண்டாம், எச்சரிக்கைதான் மறையும், வெடிப்பு நிற்காது.

ஆண்ட்ராய்டில் டீபக் பில்டில் ஓடி ரிலீஸ் பில்டில் மட்டும் விழுந்தால் முதலில் கோடைச் சுருக்கும் ஆர்8-ஐச் சந்தேகியுங்கள். அது சிக்னேச்சரை வெட்டிவிடும். ஜிசன் 2.11-க்கு முந்தையது என்றால், ஆர்8 படிக்கும் புரோகார்டு விதிகளில் `-கீப்ஆட்ரிபியூட்ஸ் சிக்னேச்சர்` வேண்டும். அதோடு ஆர்8 ஃபுல் மோடில் ஓடினால் டைப்டோக்கனுக்கும் அதன் சப்கிளாஸ்களுக்கும் கீப் (நீக்காதே) விதி எழுத வேண்டும்.

சி ஷார்ப்பில் இந்தத் தொல்லை இல்லை, டைப்ஆஃப்(டி) ரன்டைமிலேயே சரியான விடை தரும். கோட்லினில் இன்லைன் ஃபங்ஷனுடன் ரீஃபைடு (டைப்பை ரன்டைமிலும் தெரியவைக்கும் சொல்) போடலாம், ஆனால் அதை ஜாவா கோடிலிருந்து அழைக்க முடியாது.