டச்சுக் கூட்டுச்சொல்: எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

கேள்வி: அக்கா, நீளமான டச்சுச் சொல்லைக் கண்டாலே நாக்கு சிக்கிக்கொள்கிறது. அசை பிரிக்க எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இரண்டு சொற்கள் ஒட்டும் இடத்தை முதலில் தேடுங்கள். அசை பிறகு தானாக வரும். தனிச்சொல்லில் இரண்டு உயிர்களுக்கு நடுவே நிற்கும் ஒற்றை மெய் அடுத்த அசைக்குப் போகும்: வா-டர் (தண்ணீர்). கூட்டுச்சொல்லில் ஒட்டைத் தாண்டி அது போகாது. ஆவொன்ட் என்றால் மாலை, ஏட்டன் என்றால் உணவு. இரவுச் சாப்பாடு ஆவொன்ட்-ஏட்டன். மாலையின் பன்மையில் நம் 'வண்டு'வில் வரும் மெல்லிய ஒலி கேட்கும். இங்கோ சொல் முடிந்துவிடுவதால் 'பட்டு'வில் வரும் வல்லொலி.

கேள்வி: 'கெர்ஸ்டொமாட்யெஸ்' என்று படித்தேன், பக்கத்திலிருந்தவர் சிரித்துவிட்டார். ஏன்?

பதில்: கெர்ஸ்-டொமாட்யெஸ் என்றால் செர்ரித் தக்காளி. கெர்ஸ்ட்-ஓமாட்யெஸ் என்று பிரித்தால் கிறிஸ்துமஸ் பாட்டிகள்! இரண்டுக்கும் எழுத்துக்கூட்டல் ஒன்றேதான். முதன்மை அழுத்தமும் இரண்டிலும் முதல் அசையில்தான். துணை அழுத்தம் தக்காளிக்கு 'மாட்'டில், பாட்டிக்கு 'ஓ'வில்.

இதைவிட எனக்குப் பிடித்த சொல் மசாஜ் படுக்கையைக் குறிக்கும் massagebed. மஸாஷ-பெட் என்று 'ஸா'வை அழுத்தினால் படுக்கை. அதே எழுத்துகளை மஸா-ஹபெட் என்று 'ம'வை அழுத்திப் படித்தால் திரளானோர் செய்யும் பிரார்த்தனை. ஒட்டு நகர்ந்ததும் அழுத்தம், உச்சரிப்பு, பொருள் எல்லாமே மாறிவிடுகின்றன, பாருங்கள்.

கேள்வி: அப்போது எப்போதும் முதல் அசையை அழுத்தினால் போதுமா?

பதில்: இல்லை. பெரும்பாலும் முதல் சொல்தான் அழுத்தம் பெறும். ஆனால் அந்தச் சொல் தனியாக வரும்போது எந்த அசை அழுந்துமோ அதே அசைதான். தக்காளி சூப் டொமாட்டன்-ஸூப், அழுத்தம் 'மா'வில்.

கேள்வி: விதிவிலக்கு?

பதில்: உண்டு, மனப்பாடம்தான் வழி. நகர மன்றக் கட்டடத்தைக் குறிக்கும் ஸ்டட்-ஹௌஸ், கேல் கீரையைக் குறிக்கும் பூரன்-கோல் இரண்டிலும் பின்சொல் அழுந்தும். சில ஊர்ப்பெயர்களும் அப்படியே: ஆம்ஸ்டல் ஆற்றின் அணை ஆம்ஸ்டர்டாம், ரொட்ட ஆற்றின் அணை ரொட்டர்டாம். இரண்டிலும் அழுத்தம் கடைசி 'டாம்' மீது.

கேள்வி: நடுவில் ஒட்டும் 'ஸ்' எந்தப் பக்கம்?

பதில்: முன்சொல் பக்கம். ரயில் நிலையச் சதுக்கம் ஸ்டாஷொன்ஸ்-ப்ளைன். வரி முடிவில் உடைத்தாலும் 'ஸ்' மேல்வரியிலேயே நிற்கும்.