அரன் தீவுப் படகைப் பரிசல் என்று மொழிபெயர்க்கலாமா?

அயர்லாந்தின் அரன் தீவுகளில் நடக்கும் கதையை மொழிபெயர்க்கிறீர்கள், அதில் வரும் 'கரக்' என்ற படகைப் 'பரிசல்' என்று எழுதியிருக்கிறீர்கள், சரியா என்று கேட்டிருந்தீர்கள். நான் மாற்றிவிடுவேன்.

பரிசல் என்றதும் நமக்கு ஒகேனக்கல்தான் நினைவுக்கு வரும்: வட்டக்கூடை, ஒற்றைத் துடுப்பு, ஆறு. அரன் கரக் நீளமானது, மூக்கு மேலே தூக்கியிருக்கும், அட்லாண்டிக் அலையில் போவது. மெல்லிய மரச்சட்டத்தின் மேல் முன்பு மாட்டுத்தோல், பிற்பாடு தார் பூசிய கித்தான். ஒவ்வொருவரும் இரண்டு துடுப்பு பிடிப்பார்கள். துடுப்பின் நுனி அகலமாகவே இருக்காது. கரைக்கு வந்ததும் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிப் போவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கால் முளைத்த கரும்வண்டுதான்!

தோல்படகு என்று குறைத்து எண்ண வேண்டாம். 1976-77இல் கடற்பயண ஆய்வாளர் டிம் செவரின் குழு இதே வகையில் கட்டிய தோல்படகில் அயர்லாந்திலிருந்து கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து வரை போனது.

ஆனால் அயர்லாந்தின் கிழக்கே ஓடும் பாய்ன் ஆற்றுக் கரக் கிட்டத்தட்ட வட்டமானது. கதை அங்கே நடந்தால் பரிசல் பொருந்தும். ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் மரக்கட்டைத் தெப்பங்களை வழிநடத்தவும் சிறிய கரக் இருந்தது. அயர்லாந்தின் தென்மேற்கே கெர்ரி பக்கம் போனால் பெயரே வேறு, 'நைவோக்'.

அதனால் 'கரக்' என்றே வைத்து, முதல் இடத்தில் மட்டும் 'கித்தான் போர்த்திய கரக் படகு' என்று எழுதுங்கள். அப்புறம், அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்தில் 'கரக்' என்று வந்தால் அது குதிரைப் பந்தய மைதானம்!