‘4 வீல் டிரைவைத் தொட்டதே இல்லை சார்!’

பழைய எஸ்.யூ.வி. வாங்குவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சில, இந்த இதழில்.

கேள்வி: 2012 மாடல் மஹிந்திரா தார், சி.ஆர்.டி.இ. இன்ஜின், 4 வீல் டிரைவ். 1.1 லட்சம் கி.மீ. ஓடியிருக்கிறது. ‘ஊருக்குள்ளயே ஓட்டினது, 4 வீல் டிரைவைத் தொட்டதே இல்லை சார்’ என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?
– வாசகர், மடிப்பாக்கம்

பதில்: அவர் பெருமையாகத்தான் சொல்கிறார். நீங்கள் அதை விலை குறைக்கக் கிடைத்த காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். வருஷக்கணக்கில் அசையாத 4 வீல் டிரைவ் லீவரும், அதன் கீழே பல்சக்கரத்தை நகர்த்தும் ஃபோர்க்கும் இறுகிப்போகும், ஆயில் சீல் காய்ந்துவிடும். ‘யூஸே பண்ணலையே’ என்று டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (சக்தியை முன் அச்சுக்கும் பிரித்துத் தரும் பெட்டி) முன் கிரவுனுக்கும் (அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) யாரும் ஆயிலும் மாற்றியிருக்க மாட்டார்கள். மாதம் ஒருமுறை 4 வீல் டிரைவ் போட்டு மண்ணில் ஓடிய வண்டி இதைவிட மேல்.

ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஆனால், வண்டி தார் என்றாலும் சோதனை தார் ரோட்டில் வேண்டாம். இந்த வகை வண்டியில் 4 ஹெச் (சாதாரண வேகத்துக்கான 4 வீல் டிரைவ்) போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிக்கொள்ளும். வளைவிலோ முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் போயாக வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கிச் சமாளித்துவிடும். தார் ரோட்டில் பிடி விடாது. அந்த முறுக்கு முழுவதும் கிராஸ் ஜாயிண்ட், கிரவுன், டிரான்ஸ்ஃபர் கேஸ் தலையில் விழும். புறநகரில் மனை பிரித்து வீடு எழும்பாமல் கிடக்கும் மண் தரை போதும்.

முதலில் 2 ஹெச்சில் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, நடை வேகத்தில் ஒரு வட்டம் அடியுங்கள். பிறகு 4 ஹெச் போட்டு அதே வட்டம். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல வண்டி தயங்கி, ஸ்டீயரிங் கனத்து, டயர் மண்ணைச் சுரண்டினால் முன் அச்சு உயிரோடு இருக்கிறது. எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்றால், டேஷ்போர்டில் விளக்கு எரிந்தாலும் முன்னால் சக்தி போகவில்லை என்று பொருள்.

அடுத்தது 4 எல், அதாவது வேகம் குறைத்து இழுவை கூட்டும் நிலை. வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுக்க மிதித்துக்கொண்டு லீவரை மாற்றுங்கள். முதல் கியரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி ஊர்ந்து போகும். அப்படியே சிறு மேட்டில் ஏற்றுங்கள். பல் தாண்டுவதுபோல் ‘கடக் கடக்’ என்று சத்தம் வந்தாலோ, லீவர் தானாக நழுவினாலோ டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்தாக வேண்டும். திரும்ப 2 ஹெச்சுக்கு வரும்போது லீவர் அடம்பிடித்தால் மட்டும் பயப்படாதீர்கள்; நாலடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டு வந்துவிடும். அது கோளாறு அல்ல.

கடைசியாக, முன் சக்கரங்களின் உட்புறம். வண்டி உயரமாகத் தெரிய வேண்டும் என்று முன் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரை முறுக்கித் தூக்கிவிடுகிறவர்கள் நிறைய. ஆக்சில் ஜாயிண்ட் அளவுக்கு மீறி மடங்கி, அதை மூடிய ரப்பர் பூட் கிழியும். ரிம்மின் உட்புறம் கிரீஸ் தெறித்திருந்தால் அதுதான். முழு ஒடிப்பில் ‘டக் டக்’ சத்தமும் சேர்ந்தால், பூட்டோடு ஜாயிண்ட்டும் போயிற்று.

கேள்வி: நண்பரின் ஸ்கார்பியோ 4 வீல் டிரைவ், 2023 டிசம்பர் வெள்ளத்தில் சக்கரம் மூழ்கும் அளவுக்கு ஒரு நாள் நின்றது. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, இன்றுவரை நன்றாக ஓடுகிறது. எனக்கே தருகிறேன் என்கிறார்.
– வாசகர், முடிச்சூர்

பதில்: இன்ஜின் தப்பியிருக்கலாம். சக்கரம் மூழ்கினால் முன் கிரவுன், பின் கிரவுன், ஹப் பேரிங் மூன்றும் தண்ணீருக்குள்தான். கிரவுன் பெட்டிக்குக் காற்றுப் போக ஒரு பிரீதர் உண்டு. அது சேறடைத்துக் கிடக்க, ஓடிச் சூடான அச்சு வெள்ளத்தில் இறங்கினால், உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வெளியே ஒன்றும் தெரியாது.

வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பாருங்கள். முதலில் ஆயில் ஊற்றும் மேல் நட்டைக் கழற்ற வேண்டும். அது துருவேறி வராமல் போனால், கீழே வடித்த ஆயிலுக்குப் பதிலாக ஊற்ற வழியின்றி வண்டி அங்கேயே நிற்கும். சுண்டுவிரலை உள்ளே மடக்கினால் நுனியில் ஆயில் பட வேண்டும். பிறகு கீழ் நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கியிருக்கும். ஆயிலுக்கு முன் அதுதான் சொட்டும். ஓட்டிக் கலங்கியிருந்தால் ஆயில் பால் காபி நிறத்தில் வரும். நட்டில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். மை போன்ற கருப்புப் பசை சகஜம். வெட்டிய நகம் போல இரும்புச் சில்லு ஒட்டியிருந்தால் பல் உடைந்துகொண்டிருக்கிறது.

ஸ்விட்ச் திருப்பி 4 வீல் டிரைவ் போடுகிற வண்டி என்றால், அந்த வேலையைச் செய்யும் மோட்டார் டிரான்ஸ்ஃபர் கேஸோடு அடியில்தான் இருக்கிறது. அதன் கனெக்டரைப் பிரித்துப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் வண்டல் கோடு தெரிகிறதா என்பதும் முக்கியம். நண்பர் சொல்லும் உயரம் சரியா என்பது அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: பார்த்த பழைய பஜேரோவில் சேஸிஸ் முழுக்கப் புதிதாகக் கருப்பு கோட்டிங் அடித்திருக்கிறார்கள். நல்ல பராமரிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: விற்பதற்கு முந்தைய வாரம் அடித்தது பராமரிப்பு அல்ல, மேக்கப். கடலோரத்தில் நின்ற வண்டியின் சேஸிஸ், பெட்டிக் குழாயின் உள்ளிருந்து அரிக்கும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்னும், அரித்தது ‘டொக்’ என்னும். பின் ஸ்பிரிங் பொருந்தும் இடம், பாடி போல்ட்டுகள், டீசல் டேங்குக்கு மேலே, இவற்றில் நேரம் செலவிடுங்கள். மேலாகப் படிந்த செந்துரு தேய்த்தால் போகும். அப்பளம் போல் அடுக்கடுக்காக உரிந்தால் வேண்டாம், பட்டை வைத்து வெல்டிங் பண்ணியிருந்தால் பேசவே வேண்டாம். சேஸிஸ் எண் பொறித்த இடத்தையும் கோட்டிங் மூடியிருந்தால், துடைத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

கேள்வி: டெல்லி பதிவு 2013 டீசல் எஸ்.யூ.வி. இங்கே விலையைவிட வெகு குறைவாக வருகிறதே?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. விலை இறங்கிய கதை அங்கே தொடங்குகிறது. அந்த விலையோடு லாரி வாடகை, தமிழ்நாட்டின் ஆயுள் வரி, மறுபதிவுச் செலவு எல்லாம் சேரும். வரி எவ்வளவு என்பதை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்ட பிறகு விலை பேசுங்கள். என்.ஓ.சி. (டெல்லி ஆர்.டி.ஓ.வின் தடையின்மைச் சான்று) கையில் இருக்க வேண்டும், கடன் இருந்தால் அது தீர்ந்ததைக் காட்டும் 35-ஆம் படிவம் வேண்டும். ஆர்.சி. 15 ஆண்டுக்குத்தான், 2013 வண்டிக்கு 2028-ல் முடிகிறது. அதன்பின் வண்டியைக் காட்டி 5 ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும்.

கேள்வி: 2010 ஃபார்ச்சூனர். முன்னால் இரண்டு புது டயர், பின்னால் தேய்ந்த வேறு கம்பெனி டயர். இதற்காக விலை குறைக்கலாமா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: தாராளமாக, நான்கு டயர் விலையை. இது எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. டயர் சுற்றளவு மாறினால் முன், பின் அச்சுகளின் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் நடு டிஃபரன்ஷியல் நேர் ரோட்டிலும் ஓயாமல் வேலை செய்யும்.

கேள்வி: ஜிப்ஸி 60 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளம் ஏறினால் ஸ்டீயரிங் பயங்கரமாக உதறுகிறது. டேம்பர் மாற்றினால் போதும் என்கிறார் விற்பவர்.
– வாசகர், ஆவடி

பதில்: டேம்பர் உதறலை அடக்கும், காரணத்தைத் தீர்க்காது. முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் ஹப் பேரிங், நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் அச்சிலுள்ள கிங்பின் பேரிங். பக்கவாட்டில் ஆடினால் டை ராடு எண்டு (ஸ்டீயரிங் கம்பியின் முனை). அப்படியே, சக்கரத்தை ஷாஃப்ட்டோடு இணைக்கும் முன் ஹப்பைத் திருப்பி ‘லாக்’கில் வையுங்கள்: சக்கரத்தைக் கையால் சுற்றும்போது முன் ஷாஃப்ட் கூடவே சுற்ற வேண்டும். ‘ஃப்ரீ’யிலும் சுற்றினால் ஹப் இறுகிவிட்டது, லாக்கிலும் சுற்றாவிட்டால் உள்ளே பல் இல்லை.