ஐந்து வாக்கியம் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஆராய்ச்சி பேப்பரை இணையத்தில் திறந்தால் டாலரில் பணம் கேட்கிறது. என்ன செய்வது?

கட்டாதீர்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் அதே பேப்பரின் மற்ற பதிப்புகளையும் திறந்து பாருங்கள். உயிரியல், மருத்துவம் என்றால் பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசத் தளம். இயற்பியல், கணிதம் என்றால் ஆர்க்கைவ் (arXiv) என்ற இலவசத் தளம். அரசுக் கல்லூரி என்றால் முதலில் நூலகரைக் கேளுங்கள். மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 2025 முதல் சுமார் 13,000 ஆய்விதழ்கள் கிடைக்கின்றன. எதுவும் பலிக்காவிட்டால் எழுதியவருக்கே இரண்டு வரி மெயில் போடுங்கள். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ கட்டுரையை மூல ஆய்வு என்று காட்டலாமா?

கூடாது. எழுதியவர்களே சோதனை செய்து, அளந்து, தரவு எடுத்திருந்தால்தான் மூல ஆய்வு.

அவசரம். நல்ல பேப்பர் ஒன்று அனுப்புங்கள்.

எந்தத் துறை, என்ன தலைப்பு? ஒரு வார்த்தை இல்லை. இந்த மாதம் இப்படி நான்கு கடிதம். இதுவரை எங்கே தேடினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கைடு (ஆய்வு வழிகாட்டி) 40 மேற்கோள் கேட்கிறார். அப்ஸ்ட்ராக்ட் (பேப்பரின் சுருக்கம்) மட்டும் படித்துப் போடலாமா?

வேண்டவே வேண்டாம். மேற்கோள் காட்டிய பேப்பரில் எத்தனை எலி என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் முழிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் ஓபியாய்டு (அபின் வகை) வலிமருந்து பெற்ற சுமார் 12,000 பேரில் 4 பேர்தான் அடிமையானதாகப் பதிவு என்றது. எவ்வளவு டோஸ், எத்தனை நாள்? இல்லை. வீட்டில் மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள்? அவர்களைப் பற்றியும் இல்லை. ஆனாலும் 600க்கு மேற்பட்ட இடங்களில் அது மேற்கோளானது. 2017இல் ஒரு குழு உட்கார்ந்து எண்ணியது. மேற்கோள் காட்டியவர்களில் ஐந்தில் நான்கு பேர், கடிதத்தில் இருந்தவர்கள் மருத்துவமனை நோயாளிகள் என்பதையே சொல்லவில்லை. அந்த வகை மாத்திரைகளால் அமெரிக்காவில் செத்தவர்கள் லட்சத்துக்கும் மேல். கடைசியில் அந்த இதழே கடிதத்தின் மேல் எச்சரிக்கைக் குறிப்பு போட்டது.

மூலத்தைத் திறந்து பாருங்கள். 40 கிடைக்காவிட்டால், படித்த 15ஐப் போட்டுவிட்டு கைடிடம் பேசுங்கள்.

10 நிமிட செமினாருக்கு 30 ஸ்லைடு போதுமா?

எட்டு போதும். முக்கியமான ஒரு வரைபடத்தில் நிறுத்தி, எக்ஸ் அச்சு எது, ஒய் அச்சு எது, பிழைக்கோடு (அளவீட்டில் எவ்வளவு ஏற்ற இறக்கம் என்று காட்டும் சிறு கோடு) எதைக் காட்டுகிறது என்று நிதானமாகச் சொல்லுங்கள். அப்புறம், முந்தின இரவு இதழின் தளத்தில் மூலத்தை மறுபடி திறந்து பாருங்கள். 12 குழந்தைகளை வைத்து லான்செட் மருத்துவ இதழில் 1998இல் வந்த தடுப்பூசி-ஆட்டிசம் பேப்பர் 2010இல் திரும்பப் பெறப்பட்டது. இப்போது அதன் பக்கங்களில் குறுக்கே 'ரிட்ராக்டட்' என்று சிவப்பில் இருக்கும். நண்பர் கொடுத்த பழைய பிடிஎஃப்பில் அது இருக்காது.