ரெட்மியில் ரூட்: கடைக்காரரிடம் 1,500 ரூபாய் கொடுக்கும் முன்

கேள்வி: என்னுடையது மியுஐ 14 (ஷாவ்மியின் ஆண்ட்ராய்டு வடிவம்) உள்ள ரெட்மி போன். கூடவே வந்த ஆப்களை நீக்க முடியவில்லை, விளம்பரத் தொல்லை வேறு. பக்கத்து மொபைல் கடையில் 1,500 ரூபாய்க்கு ஒரு மணி நேரத்தில் ரூட் செய்து, அதாவது போனின் முழு நிர்வாக அதிகாரத்தையும் எடுத்து, தருவதாகச் சொல்கிறார்கள். போட்டோக்கள் அழியுமா? ஜிபே, வங்கி ஆப் எல்லாம் ஓடுமா?

பதில்: போட்டோக்கள் அழியும். ரூட்டுக்கு முன் பூட்லோடரை (போனை இயக்கத் தொடங்கும் பூட்டிய நிரல்) திறக்க வேண்டும்; திறந்த நொடியில் போனின் உள்நினைவகம் முழுதாகத் துடைக்கப்படும். மெமரி கார்டில் இருப்பது மட்டும் தப்பும். வங்கி ஆப் ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரூட் செய்யாமல் பூட்லோடரை மட்டும் திறந்தாலே போன் மாற்றப்படாததா என்று ஆப்கள் பார்க்கும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் போன் முழுதாகத் தேறாது. மறைத்து ஓட்டும் வித்தைகள் உண்டு, இன்று ஓடும், அடுத்த மாதம் நின்றுவிடும். பல ஆண்டுகளாகப் பாதுகாப்பு அப்டேட்டே காணாத பழைய போனில் அதே வங்கி ஆப் சமர்த்தாக ஓடுகிறது என்பதை யாரிடம் போய்க் கேட்பது!

உங்கள் தேவைக்கு ரூட்டே வேண்டாம். 'போனைப் பற்றி' பகுதியில் மியுஐ பதிப்பை 7 முறை தட்டினால் டெவலப்பர் வசதிகள் திறக்கும். அங்கே யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, போனைக் கணினியில் இணைத்து, போனுக்குக் கட்டளை அனுப்ப கூகுள் தரும் ஏடிபி கருவி மூலம் 'பிஎம் அன்இன்ஸ்டால்' கட்டளையை 'யூசர் 0' என்ற குறிப்போடு கொடுங்கள். வேண்டாத ஆப் உங்கள் பயன்பாட்டிலிருந்து போய்விடும். ஃபேக்டரி ரீசெட் செய்தால் திரும்பி வரும். செக்யூரிட்டி ஆப், ஃபைண்ட் டிவைஸ் போன்றவற்றைத் தொடாதீர்கள். நீக்கினால் போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். விளம்பரத்துக்கு, அமைப்புகளில் அனுமதி ரத்து பகுதிக்குப் போய் 'எம்எஸ்ஏ' என்ற விளம்பரச் சேவையை அணையுங்கள். இணையம் இயங்க வேண்டும், 10 விநாடி காத்திருக்க வேண்டும், அப்படியும் முதல் தடவை 'முடியவில்லை' என்றே வரும். விடாமல் நாலைந்து முறை முயலுங்கள். வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறார்கள்.

இனி அந்த 'ஒரு மணி நேரம்'. பூட்லோடரைத் திறக்க, ஷாவ்மியின் முறையான வழியில் உங்கள் மி கணக்கை (ஷாவ்மி பயனர் கணக்கு) போனோடு இணைக்க வேண்டும், அதுவும் வைஃபையில் அல்ல, சிம் டேட்டாவில். பிறகு வழக்கமாக 168 மணி நேரம் காத்திருப்பு. பொறுமையிழந்து நடுவில் மறுபடி இணைத்தால் காத்திருப்பு நேரம் முதலிலிருந்து ஓடும். மியுஐ-க்கு அடுத்து வந்த ஹைப்பர் ஓஎஸ் உள்ள போன்களில் அதற்கும் முன்பே ஷாவ்மியின் கம்யூனிட்டி ஆப்பில் அனுமதி கேட்க வேண்டும். அந்தத் தினசரி கோட்டா பெய்ஜிங் நள்ளிரவில், அதாவது நமக்கு இரவு 9:30-க்குத் திறக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு ரேஷன் கடை வரிசை! இதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிப்பதாகச் சொல்பவர் 'ஒரே தட்டில் ரூட்' என்ற ஊர்பேர் தெரியாத ஆப்பைப் போடுவார், அல்லது குறுக்கு வழியில் பூட்லோடரைத் திறப்பார். தன் மி கணக்கையே உங்கள் போனில் ஏற்றுபவர்களும் உண்டு. பின்னொரு நாள் ரீசெட் செய்தால் போன் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கும். மறுபடி அவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ரூட் வேண்டுமென்றால் மேஜிஸ்க் என்ற ரூட் ஆப் ஒன்றுதான் என் பரிந்துரை. அதையும் நிரல்கள் பகிரப்படும் கிட்ஹப் தளத்தில் உள்ள மூலப் பக்கத்திலிருந்தே எடுங்கள். அதே பெயரில் போலித் தளங்கள் ஏராளம். இப்போது போனில் இருக்கும் அதே பதிப்பு ரோமிலிருந்து (போனின் மென்பொருள் தொகுப்பு) பூட் இமேஜை, அதாவது போனைத் தொடங்கவைக்கும் கோப்பை, எடுத்து, மேஜிஸ்க்கில் பேட்ச் செய்து (ரூட்டுக்கேற்ப மாற்றி), கணினியிலிருந்து ஃபாஸ்ட்பூட் முறையில் போனில் ஏற்ற வேண்டும். பதிப்பு மாறினால் போன் பூட் ஆகாது, அல்லது வைஃபை போய்விடும். அசல் இமேஜைக் கணினியில் வைத்திருந்தால் திரும்ப ஏற்றி மீளலாம்.

பலர் இடறுவது இங்கேதான். ஆண்ட்ராய்டு 13-உடனேயே கடைக்கு வந்த போன்கள் பலவற்றில் பேட்ச் செய்ய வேண்டியது பூட் இமேஜை அல்ல, 'இனிட் பூட்' இமேஜை. ஆண்ட்ராய்டு 12-உடன் வந்து பிறகு 13-க்கு அப்டேட் ஆன போன் இந்தக் கணக்கில் வராது. அதற்குப் பழைய பூட் இமேஜ்தான். குழப்பமாக இருந்தால் ரோம் கோப்புறையைத் திறந்து பாருங்கள். இனிட் பூட் என்ற கோப்பு இருந்தால் அதைப் பேட்ச் செய்யுங்கள், இல்லையேல் பூட். ஏற்றும்போதும் போன் நினைவகத்தின் அதே பெயருள்ள பகுதியில்தான் ஏற்ற வேண்டும்.

கணினியில் இயங்கும் ஷாவ்மியின் மி ஃபிளாஷ் கருவியில் ரோம் ஏற்ற நேர்ந்தால், சாளரத்தின் அடியில் 'கிளீன் ஆல் அண்ட் லாக்' தானாகவே தேர்வாகியிருக்கும். அதை 'கிளீன் ஆல்' என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் பூட்லோடர் மீண்டும் பூட்டிக்கொள்ளும். ஏற்றியது வேறு நாட்டு ரோமாக இருந்தால், பூட்டிய பிறகு போன் எழாது.